நடுவரோடு மல்லுக்கட்டாத கால்பந்து டீம்: கோச், கேப்டன், போட்டிக் கமிட்டிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பந்து வெளியே போகிறது. நடுவர் எதிரணிக்கு த்ரோ-இன் கொடுக்கிறார். நம் விங்கர் இரண்டு கைகளையும் விரித்தபடி நிற்கிறார், லெஃப்ட் பேக் நடுவரை நோக்கி நடக்கத் தொடங்குகிறார், பெஞ்சில் கோச் எழுந்து ஏதோ கத்துகிறார். அதற்குள் த்ரோ போட்டாயிற்று. லெஃப்ட் பேக் விட்டுவந்த இடத்தில் எதிரணி ஃபார்வர்டு பந்தோடு திரும்புகிறார். கோல் விழுந்தால் அதற்கும் நடுவர்தான் காரணம் என்பார்கள்.

நடுவரை மதிக்கச் சொல்லாத கோச் இல்லை. சொல்வதால் மட்டும் பலனும் இல்லை. கார்னரில் யார் எந்தக் கம்பத்தைக் காப்பது என்பதை அறிவுரையாகவா சொல்கிறோம்? ஆளைப் பெயர் சொல்லி நிறுத்தி, இருபது முறை போட்டுப் பார்க்கிறோம். விசில் ஊதிய அடுத்த ஐந்து நொடியையும் அப்படித்தான் பழக்க வேண்டும். யார் பேசுவது, எத்தனை வார்த்தை, மற்ற பத்துப் பேர் எங்கே போவது, மீறினால் என்ன விலை என்ற நான்கையும் முன்கூட்டியே முடிவு செய்துவிட்ட டீமில் சத்தம் தானாகக் குறையும்.

விதிப்புத்தகத்தில் இருப்பது

ஆட்ட விதிகளை வகுக்கும் ஐஎஃப்ஏபியின் புத்தகத்தில் 12வது விதி இதைத் தெளிவாகப் பிரிக்கிறது. சொல்லாலோ செயலாலோ தீர்ப்பை எதிர்த்தால் மஞ்சள் அட்டை. கெட்ட வார்த்தை, அவமதிப்பு, ஆபாசச் சைகை என்றால் நேரடிச் சிவப்பு. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது வாய்ப்பேச்சுக்காக நடுவர் விசில் ஊதினால் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக் (நேராக அடித்துக் கோல் போட முடியாதது). டிவியில் பார்த்துவிட்டு விரலால் காற்றில் கட்டம் வரைந்து ரீப்ளே கேட்கிறார்களே பையன்கள், அதை மீண்டும் மீண்டும் செய்வதும் மஞ்சள் அட்டைக்குரிய குற்றம்தான்.

5வது விதியில் இன்னொன்று இருக்கிறது. இதைப் பாதிப் பேர் படித்ததில்லை. ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால், அதைத் தொடங்கிவைத்த தீர்ப்பு தவறென்று நடுவருக்கே தெரியவந்தாலும் அவரால் மாற்ற முடியாது. அதாவது த்ரோ போட்ட பிறகு அந்தத் த்ரோவைப் பற்றி நடக்கும் எந்த வாக்குவாதத்துக்கும் விதிப்படியே பலன் கிடையாது. இதை ஒரு தடவை டீமுக்குப் படித்துக் காட்டினால் பாதிச் சத்தம் அர்த்தமற்றது என்று அவர்களுக்கே புரிந்துவிடும்.

2019-20 சீசனிலிருந்து கோச்சுகளுக்கும் அட்டை உண்டு. லேசான முணுமுணுப்புக்கு எச்சரிக்கை. பாட்டிலை எறிவது, உதைப்பது, நடுவரைப் பார்த்து நக்கலாகக் கைதட்டுவது, எதிரணிக்கு அட்டை காட்டச் சொல்லிச் சைகை செய்துகொண்டே இருப்பது எல்லாம் மஞ்சள். எதிர்ப்பைக் காட்டவே டெக்னிக்கல் ஏரியாவை (பெஞ்சைச் சுற்றிக் கோச்சுக்கு விட்ட இடத்தை) விட்டு வெளியே வருவதும், இடைவேளையிலோ ஆட்டம் முடிந்த பிறகோ மைதானத்துக்குள் போய் நடுவரை மறிப்பதும் சிவப்பு. பெஞ்சிலிருந்து கத்தியது யார் என்று தெரியாவிட்டால் அங்கிருப்பவர்களில் மூத்த கோச்சுக்கு அட்டை விழும். "நான் இல்ல சார், பின்னாடி உக்காந்திருக்கிறவன்" என்பதற்கு இடமில்லை.

கை வைத்தால் கதையே வேறு. ஃபிஃபாவின் ஒழுங்கு விதிகளில் நடுவரை மிரட்டினால் குறைந்தது 10 ஆட்டமும், தாக்கினால் குறைந்தது 15 ஆட்டமும் தடை. 2023 டிசம்பரில் துருக்கியில் அங்காரகுஜு கிளப்பின் தலைவர் ஆட்டம் முடிந்ததும் மைதானத்துக்குள் இறங்கி நடுவர் ஹலில் உமுத் மெலரை முகத்தில் குத்தினார். நாட்டின் லீக் ஆட்டங்கள் அத்தனையும் நிறுத்தப்பட்டன. 2012 டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மேரே நகரில், பையன்கள் ஆட்டத்தில் லைன்ஸ்மேனாக (கோட்டோரம் கொடியோடு நிற்கும் துணை நடுவராக) நின்ற ஒரு தந்தை, ஆடிய பையன்களாலேயே அடிபட்டு இறந்தார். இரண்டாவது நடந்தது பெரிய ஸ்டேடியத்தில் அல்ல. நம் ஊர் மைதானம் போன்ற ஒரு கிளப் மைதானத்தில்.

எரிச்சல் எங்கிருந்து வருகிறது

கால்பந்தின் ஆரம்ப காலத்தில் கிரிக்கெட் போலவே முறையிட்டால்தான் தீர்ப்பு. அணிக்கு ஒருவராக இரண்டு அம்பயர்கள் இருந்தார்கள். அவர்களுக்குள் ஒத்துவராவிட்டால் வெளியே இருந்தவரிடம் கேட்பார்கள். அப்படிக் கேட்கப்பட்டவர்தான் ரெஃப்ரி. 1891ல் அவர் மைதானத்துக்குள் வந்தார், அம்பயர்கள் லைன்ஸ்மேன் ஆனார்கள். முறையீடு விதியிலிருந்து போய்விட்டது, கையைத் தூக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. கிரிக்கெட்டோடு வளரும் நம் பையன்களுக்கு இது இரட்டைப் பழக்கம்.

அடுத்தது கோணம். 100 மீட்டர் நீள மைதானத்தில் நடுக்கோட்டின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் கோச்சுக்கும் பெனால்டி புள்ளிக்கும் இடையே ஏறத்தாழ 50 மீட்டர். நன்றாக ஓடும் நடுவர் அதே சம்பவத்தை 15, 20 மீட்டரில் பார்க்கிறார். ஆஃப்சைடு (பந்தையும், கீப்பர் நீங்கலான எதிரணியின் கடைசி ஆளையும் தாண்டி முன்னே நிற்பது) இன்னும் மோசம்: பெஞ்சு அந்தக் கடைசி ஆளின் கோட்டுக்கு நேராக இருப்பதே அபூர்வம், சாய்வாகத்தான் பார்க்கிறோம். நாம் பார்த்தது தப்பாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. குரல் மட்டும் சந்தேகமில்லாமல் வருகிறது.

மூன்றாவது, விதி தெரியாதது. நான்காவதுதான் பெரியது: கோச்சைப் பார்த்துக் கற்பது. கோச் எழுந்தால் பத்து நொடிக்குள் நான்கு ஆட்டக்காரர்கள் நடுவரைச் சுற்றுவார்கள். பெற்றோர்கள் அதற்கும் அடுத்த பத்து நொடியில்.

படி 1: சீசன் தொடங்குமுன் ஒரு தாள்

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நடுவரிடம் பேசுவது கேப்டன் மட்டும்; பெஞ்சிலிருந்து பேசுவது ஒருவர் மட்டும்; மீறினால் விலை இது. கீழே ஆட்டக்காரர், கோச், 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் ஒருவர் கையெழுத்து.

விலையைத் தெளிவாக எழுதுங்கள். வாய்ப்பேச்சுக்கு முதல் மஞ்சள் அட்டை வாங்கினால் அடுத்த ஆட்டத்தில் பெஞ்சில் தொடங்குவார். இரண்டாவது என்றால் ஒரு ஆட்டம் வெளியே. கெட்ட வார்த்தைக்குச் சிவப்பு என்றால் லீக் கொடுக்கும் தடை முடிந்த பிறகும் கிளப்பின் பங்காக இரண்டு ஆட்டம் வெளியே, கூடவே சின்னப் பையன்கள் ஆட்டம் இரண்டில் லைன்ஸ்மேனாகக் கொடி பிடிக்க வேண்டும். கோச்சுக்கு இதே விலை இரண்டு மடங்கு. கோச்சின் பெயர் இல்லாத தாளைப் பையன்கள் ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள்.

பண அபராதத்தை நம்பாதீர்கள். பையனுக்குப் போட்ட 500 ரூபாயை அப்பா கட்டுவார், அல்லது ஸ்பான்சர் கட்டுவார். ஆடும் நேரம் போவதுதான் வலிக்கும்.

இது உடையும் இடம் ஒன்றே ஒன்று: செமிஃபைனல். தடையில் இருப்பவர் டீமின் சிறந்த ஸ்ட்ரைக்கர். "இந்த ஒரு மேட்ச் மட்டும்" என்று விட்டால் அன்றே தாளைக் கிழித்துவிடலாம்.

படி 2: விதி வகுப்பு, 45 நிமிடம்

17 விதிகளையும் நடத்த வேண்டாம். சண்டை வரும் இடங்கள் ஏழெட்டுத்தான்.

ஹேண்ட்பால்: கையில் பட்டதெல்லாம் குற்றமில்லை. வேண்டுமென்றே தொட்டாரா, கையை இயல்புக்கு மாறாக விரித்து உடம்பைப் பெரிதாக்கினாரா என்பதே கேள்வி. ஆனால் கோல் போட்டவரின் கையில் தெரியாமல் பட்டு நேராக உள்ளே போனாலும், பட்ட மறுகணமே அவரே கோல் போட்டாலும் அது கோல் இல்லை. ஒரே தொடுதல் தடுப்பவருக்குக் குற்றமில்லை, அடிப்பவருக்குக் கோல் ரத்து. இது தெரியாமல்தான் "அன்னிக்கு அவங்களுக்குக் குடுத்தீங்க" என்ற சண்டை வருகிறது.

ஆஃப்சைடு: பந்தை அடித்த கணத்தில் இருந்த இடம்தான் கணக்கு, வாங்கிய கணம் அல்ல. கையும் முழங்கையும் கணக்கில் இல்லை. த்ரோ-இன், கோல் கிக், கார்னரிலிருந்து நேராக வாங்கினால் ஆஃப்சைடு கிடையாது.

அட்வான்டேஜ்: நடுவர் ஃபவுலைப் பார்க்காமல் விடவில்லை, சில நொடி பொறுத்துப் பார்க்கிறார். பலன் வராவிட்டால் பழைய ஃபவுலுக்கே வருவார். அட்டையை அடுத்த நிறுத்தத்தில் காட்டுவார். இந்தச் சில நொடியில் "ஃபவுல்!" என்று நின்றுவிடும் டீம் அட்வான்டேஜைத் தானே கொன்றுவிடுகிறது.

பெனால்டி ஏரியாவுக்குள் பந்துக்கு முயன்று, தெளிவான கோல் வாய்ப்பைத் தடுத்தால் பெனால்டியோடு மஞ்சள்தான், சிவப்பு அல்ல (2016லிருந்து). பிடித்து இழுத்தால், தள்ளினால் சிவப்பு. பெனால்டி அடிக்கும் கணத்தில் கீப்பரின் ஒரு பாதத்தின் ஒரு பகுதியாவது கோட்டின் மேல், கோட்டுக்கு நேராக, அல்லது கோட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டும். நடுவர் மேல் பந்து பட்டு அதனால் பந்து எதிரணிக்குப் போனால், நல்ல தாக்குதல் தொடங்கினால், கோல் விழுந்தால் டிராப் பால் (நடுவர் பந்தைக் கீழே போட்டு ஆட்டத்தைத் தொடங்குவது). 2025-26லிருந்து கீப்பர் கையில் பந்தை 8 நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். கடைசி ஐந்து நொடியை நடுவர் கையை உயர்த்தி எண்ணிக் காட்டுவார். இந்தக் கடைசி விதி தெரியாத கீப்பர்கள் இப்போதும் அதிர்ந்து நிற்கிறார்கள்.

வகுப்பை நடத்த வேண்டியது கோச் அல்ல. சான்றிதழ் பெற்ற நடுவர் ஒருவரை அழைத்து, போக்குவரத்துச் செலவு கொடுத்து, கேள்வி கேட்க விடுங்கள். வியர்க்க ஓடாமல் நின்று பேசும் நடுவரைப் பையன்கள் பார்ப்பதே அப்போதுதான்.

படி 3: பயிற்சியில் தப்பு விசில்

மையமான படி இதுதான். வாரம் ஒரு முறை, ஏழுக்கு ஏழு, 12 நிமிடமாக இரண்டு பாதி. உதவிக் கோச் விசில் பிடிப்பார். அவர் பையில் ஒரு சீட்டு: ஒரு த்ரோ-இன் மாற்றிக் கொடுக்க வேண்டும், ஆன்சைடில் நிற்பவருக்கு ஒரு ஆஃப்சைடு, விட்டுவிட வேண்டிய ஒரு ஃபவுல், கொடுக்காமல் விட வேண்டிய ஒரு கார்னர். தப்பு வரும் என்று ஆட்டக்காரர்களுக்குத் தெரியும், எப்போது, எது என்று தெரியாது.

கை விரித்தாலோ குரல் கொடுத்தாலோ ஃப்ரீ கிக் 10 மீட்டர் முன்னே போகும். ரக்பியில் இப்படித்தான் செய்வார்கள். கால்பந்து விதியில் இது இல்லை, பயிற்சிக்காகக் கடன் வாங்குகிறோம். அதே ஆள் இரண்டாவது முறை செய்தால் 2 நிமிடம் வெளியே, டீம் ஆறு பேரோடு ஆடும். விசிலுக்குப் பின் ஐந்து நொடிக்குள் எல்லோரும் தங்கள் இடத்தில் இருந்தால் அந்த டீமுக்கு ஒரு புள்ளி. கோல் கணக்கோடு இந்தப் புள்ளியையும் சேர்த்து எழுதுங்கள்.

தவறாகிப்போகும் விதங்கள் சில. 24 நிமிடத்தில் நாலைந்து தப்புக்கு மேல் போனால் எல்லோரும் சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள், கோபமே வராது. கோபம் வராவிட்டால் பயிற்சியும் இல்லை. முதல் இரண்டு வாரம் தப்புகளை இரு பக்கமும் பிரித்துப் போடுங்கள். மூன்றாவது வாரம் எல்லாவற்றையும் ஒரே டீமுக்கு எதிராகப் போடுங்கள், தோற்றுக்கொண்டிருக்கும் டீமாகப் பார்த்து. நிஜ ஆட்டத்தில் வயிறு எரிவது அப்போதுதான்.

இன்னொரு பாதி: ஒவ்வொரு பயிற்சி ஆட்டத்திலும் ஒரு ஆட்டக்காரர் 10 நிமிடம் விசில் பிடிக்க வேண்டும். வாய் அதிகம் உள்ளவரிடமிருந்து தொடங்குங்கள். யார் காலில் பட்டுப் பந்து வெளியே போனது என்று தெரியாமல் அவர் விழிப்பதை மற்றவர்கள் பார்க்கட்டும். யாரும் அவருக்கு உதவக் கூடாது.

படி 4: கேப்டன்

2024 ஐரோப்பியக் கோப்பையில் ஐரோப்பியக் கால்பந்து சம்மேளனம் ஒரு முடிவெடுத்தது: தீர்ப்பைப் பற்றி நடுவரிடம் வந்து கேட்கக் கேப்டனுக்கு மட்டும் உரிமை, மற்றவர் வந்தால் மஞ்சள். கீப்பர் கேப்டனாக இருந்தால் அவர் அங்கிருந்து ஓடிவர முடியாது என்பதால் வெளி ஆட்டக்காரர் ஒருவரை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இப்போது எந்தப் போட்டியும் எடுத்துக்கொள்ளலாம் என்று விதிப்புத்தகத்திலேயே இதற்கு வழிமுறை இருக்கிறது. உங்கள் லீக் ஏற்கும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் டீமுக்குள் இன்றே விதியாக்கலாம்.

கைப்பட்டையைச் சிறந்த ஆட்டக்காரருக்கோ கிளப் தலைவரின் மகனுக்கோ கொடுக்கிற வழக்கம் இங்கேதான் இடிக்கும். கோபம் வந்தால் குரல் தாழ்கிறவரைத் தேடுங்கள். நடு மைதானத்தில் ஆடுபவர் என்றால் இன்னும் நல்லது, எங்கிருந்தும் நடுவருக்குப் பக்கம்.

பேசும் முறையைப் பயிற்சியில் ஒத்திகை பாருங்கள். பந்து நின்ற பிறகு மட்டும். ஓடி அல்ல, நடந்து. இரண்டு மீட்டர் தள்ளி, முகத்துக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில், கைகள் கீழே. ஒரு வாக்கியம். ஆட்டத்துக்கு ஐந்து முறைக்கு மேல் வேண்டாம். அவர் பக்கத்து வீட்டு மாமாவாகவோ தெரிந்த அண்ணனாகவோ இருக்கலாம். கோட்டுக்குள் அவர் "சார்". உறவு சொல்லி அழைத்தால் எதிரணிக்குச் சந்தேகம் வரும், அவருக்கும் சங்கடம்.

வேலைக்கு ஆகும் வாக்கியங்கள்:

"சார், எதுக்கு ஃபவுல்னு மட்டும் சொல்லுங்க."

"சார், அவங்க அஞ்சாம் நம்பர் ரெண்டு தடவ பின்னாலேருந்து இடிச்சிட்டார். கொஞ்சம் பாத்துக்கோங்க."

"சரி சார், பசங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன்."

ஆகாதவை: "எல்லாமே அவங்களுக்குத்தானா?", "லைன்ஸ்மேன் தூங்குறாரா?", "போன மேட்ச்லயும் நீங்கதானே?" இவை கேள்வி போலத் தோன்றினாலும் குற்றச்சாட்டுகள். எது எல்லை மீறியது என்று பார்க்க அனுபவமுள்ள நடுவர்கள் மூன்று விஷயம் கவனிப்பார்கள்: எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாரா, ஆளைக் குறிவைத்தாரா, சீண்டவே சொன்னாரா. ஒன்று இருந்தால் எச்சரிக்கை வரலாம். மூன்றும் இருந்தால் அட்டையை எதிர்பார்க்கலாம்.

கேப்டனின் இன்னொரு வேலை மற்றவர்களைத் திருப்பி அனுப்புவது. ஒருவரால் முடியாது. ஆகவே ஜோடி போடுங்கள்: சூடானவர் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஆடும் ஒரு நிதானமானவர். அவர் செய்ய வேண்டியது, நடுவருக்கும் தன் ஜோடிக்கும் நடுவில் தன் முதுகை நடுவர் பக்கம் வைத்து நின்று, ஜோடியின் கண்ணைப் பார்த்து அடுத்த வேலையைச் சொல்வது. "விடுடா, பத்தாம் நம்பர பிடி." பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்தால் திமிறுவார், பார்க்கச் சண்டையாகத் தெரியும்.

படி 5: கோச்சும் பெஞ்சும்

ஒரே ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுங்கள்: பிடிக்காத தீர்ப்பு வந்ததும் கோச்சின் வாயிலிருந்து வரும் முதல் சொல் தன் ஆட்டக்காரர் ஒருவரின் பெயராக இருக்க வேண்டும். "கார்த்தி, உள்ள வா." "ஜோசப், ஏழாம் நம்பர்." கத்த வேண்டும் என்ற வேகம் அடங்காது, திசை மாறும். ஆட்டக்காரர்களின் பார்வையும் நடுவரிடமிருந்து பந்துக்கு வரும்.

டெக்னிக்கல் ஏரியா என்பது இருக்கைகளின் இரு பக்கமும் ஒரு மீட்டர், முன்னால் டச்லைனுக்கு ஒரு மீட்டர் முன்புவரை. ஒரு நேரத்தில் ஒருவர்தான் நின்று உத்தரவு சொல்லலாம். கோடு போடாத மைதானம் என்றால் நாலு கூம்பு வையுங்கள். கோடு கண்ணுக்குத் தெரிந்தால் கால் நிற்கும்.

பெஞ்சில் ஒருவருக்குக் கோச்சைப் பார்த்துக்கொள்வதே வேலையாக இருக்கட்டும். கோச் கூம்பைத் தாண்டினால் சட்டையைப் பிடித்து இழுக்க உரிமை உள்ளவராக, வயதில் மூத்தவராக, கோச் மறுக்க முடியாதவராக இருக்க வேண்டும். பாட்டில்களை இருக்கைக்குப் பின்னால் கிரேட்டில் வையுங்கள். காலடியில் இருக்கும் பாட்டில்தான் உதைபடுகிறது.

ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் வாங்குங்கள். தீர்ப்பு உறுத்தினால் நிமிடத்தையும் ஒரு வரியையும் எழுதுங்கள்: "37, ஹேண்ட்பால் இல்லை?" எழுதுவதற்குள் எட்டு நொடி போய்விடும், அதுவே பாதிப் பலன். ஆட்டம் முடிந்தபின் வீடியோ இருந்தால் ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, எத்தனை முறை நடுவர் சரி, எத்தனை முறை நாம் சரி என்று எண்ணுங்கள். கோச்சுகளுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. கொஞ்சம் கசக்கும்.

படி 6: ஆட்டத்துக்கு முன்னும் சூடான நேரங்களிலும்

நடுவரை வரவேற்க ஒரு ஆளை நியமியுங்கள்: உடை மாற்ற ஒரு மூலை, தண்ணீர், நாற்காலி. கோச்சும் கேப்டனும் ஒரு நிமிடம் போய்க் கைகொடுத்து, அணிப் பட்டியலைக் கொடுத்துவிட்டு வந்தால் போதும். போன ஆட்டத்துத் தீர்ப்பைப் பற்றிப் பேச்சே வரக் கூடாது.

பெனால்டி நமக்கு எதிராக: கீப்பர் கோட்டுக்கு, கேப்டன் நடுவரிடம் ஒரு வாக்கியம், மற்ற ஒன்பது பேரும் ஏரியாவுக்கும் வளைவுக்கும் வெளியே, திரும்பி வரும் பந்துக்கு யார் யார் ஓடுவது என்று பார்த்து நிற்க வேண்டும். நடுவரைச் சுற்றி நிற்கும் ஒன்பது பேரால் அந்த ரீபவுண்டு பந்துக்கு ஓட முடியாது.

சிவப்பு அட்டை: வாங்கியவரை விவாதிக்க விடாமல் டீம் மேனேஜர் டச்லைனுக்கு வந்து, தோளில் கை போட்டு, மைதானத்திலிருந்து முழுக்க அழைத்துப் போக வேண்டும். பெஞ்சில் உட்கார வைக்கக் கூடாது. கோச் அதே நேரத்தில் பத்துப் பேருக்கான அமைப்பைச் சொல்ல வேண்டும். யாரை எடுத்து யாரை எங்கே நிறுத்துவது என்பது முன்னரே நோட்டில் இருந்தால் வாய் வேறெங்கும் போகாது.

ரத்தான கோல்: கொண்டாட ஓடியவர்கள் எல்லாம் மூலையில் இருப்பார்கள், எதிரணி ஃப்ரீ கிக்கை உடனே அடித்துவிடும். "கோல் இல்லைன்னா ஓடு" என்று பயிற்சியில் ஐந்து முறை செய்து பாருங்கள்.

ஆட்டம் முடிந்ததும் கேப்டன், கோச், பிறகு மற்றவர்கள் என்ற வரிசையில் கைகொடுத்துவிட்டு நகருங்கள். இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் மேனேஜர்கள் நடுவரைப் பார்க்கப் போக 30 நிமிடம் பொறுக்க வேண்டும். நம் மைதானத்தில் அறையே இருக்காது. ஆனாலும் அதே 30 நிமிடத்தை வைத்துக்கொள்ளலாம். சொல்ல வேண்டியதிருந்தால் அமைப்பாளருக்கு எழுத்தில், நிமிடக் குறிப்போடு, மறுநாள். பென்சில் வட்டம் போட்ட ஆஃப்சைடு படத்தை வாட்ஸாப் ஸ்டேட்டஸில் வைப்பதும் தாளில் உள்ள விலைக்கு உட்பட்டதே.

படி 7: போட்டி நடத்துபவர்களுக்கு

பாதித் தகராறு கமிட்டியால் வருகிறது. ஏழு பேர் ஆட்டத்தில் ஆஃப்சைடு உண்டா, மாற்று ஆட்டக்காரர் திரும்ப வரலாமா, சமநிலையில் முடிந்தால் நேராக டைபிரேக்கரா என்று நோட்டீஸில் இல்லாததை நடுவர் மைதானத்தில் முடிவு செய்ய வேண்டிவருகிறது. ஒரு பக்கத்தில் அச்சடித்து ஒவ்வொரு டீமிடமும் கையெழுத்து வாங்குங்கள். நடுவர் யார் என்பதை ஆடும் இரண்டு ஊர்களுக்கும் வெளியே இருந்து தேர்ந்தெடுங்கள். சம்பளத்தை ஆட்டத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். தோற்ற டீமின் ஆட்கள் சூழ்ந்து நிற்கும்போது மேசைமுன் நின்று காசு கேட்கவைப்பது கொடுமை.

டச்லைனிலிருந்து 2 மீட்டர் தள்ளிக் கயிறு கட்டுங்கள். லைன்ஸ்மேன் காதோரம் ஆள் நிற்காவிட்டாலே அவர் கொடி தெளிவாக உயரும். இங்கிலாந்தில் 2008ல் தொடங்கிய ரெஸ்பெக்ட் திட்டத்தில் இந்தக் கயிறும் ஒரு பகுதி. அங்கே பையன்கள் லீகுகளில் பெற்றோர் கைதட்டலாம், வாய் திறக்கக் கூடாது என்ற மௌன வார இறுதியும் நடத்துகிறார்கள்.

மைக்கை மறக்காதீர்கள். வர்ணனை செய்பவர் "அது ஃபவுல் மாதிரி தெரியலையே" என்று ஒரு வரி சொன்னால் ஆயிரம் பேருக்குத் தீர்ப்பு சொல்லியாயிற்று. தீர்ப்பை அறிவிக்கலாம், விமர்சிக்கக் கூடாது என்று மைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். மீறினால் மைக் கை மாறும்.

இதுவரை முயன்றவற்றில் கண்ணுக்குத் தெரிந்த பலன் தந்தது தற்காலிக வெளியேற்றம்: வாய் திறந்தவரைச் சில நிமிடம் வெளியே உட்காரவைப்பது. இங்கிலாந்தில் 2017-18ல் 31 லீகுகளில் இதைச் சோதித்தார்கள். வாய்ப்பேச்சு 38 சதவீதம் குறைந்ததாக இங்கிலாந்து கால்பந்து சங்கம் அறிவித்தது, 2019-20லிருந்து அடித்தட்டு ஆட்டங்கள் அனைத்துக்கும் விரித்தது. 90 நிமிட ஆட்டத்தில் 10 நிமிடம், குறைந்த நேர ஆட்டத்தில் 8 நிமிடம். நடுவர் மஞ்சள் அட்டை காட்டிவிட்டு இரண்டு கைகளாலும் டெக்னிக்கல் ஏரியாவைச் சுட்டுவார். அவருக்குப் பதில் ஆள் இறங்க முடியாது. கீப்பருக்கும் இது பொருந்தும். கணக்கு, ஆட்டம் மறுபடி தொடங்கும் நொடியிலிருந்து; திரும்பி வர நடுவரின் அனுமதி வேண்டும்.

பலன் ஏன் என்றால், சாதாரண மஞ்சள் அட்டையின் விலை இரண்டாவது அட்டை வரை தெரிவதில்லை. இதில் வாய் திறந்தவரால் டீம் உடனே பத்துப் பேராகிறது. சக ஆட்டக்காரர்களே அவரை அடக்குவார்கள். சங்கத்தில் பதிவான போட்டி என்றால் தேசியச் சங்கத்தின் அனுமதி வேண்டும் என்பதை மாவட்டச் சங்கத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்ட நேரத்தில் 10 முதல் 15 சதவீதம் என்பது விதிப்புத்தகக் கணக்கு: 60 நிமிட ஆட்டத்துக்கு 6 முதல் 9 நிமிடம். நேரத்தைக் கவனிக்க மேசையில் ஒரு ஆளும் ஸ்டாப்வாட்சும் இல்லாமல் இதைத் தொடங்கவே கூடாது. இல்லையென்றால் "நேரம் முடிஞ்சிருச்சு சார்" என்பதே புதுச் சண்டை.

நடுவரின் பங்கு பற்றியும் ஒரு வார்த்தை. முதல் பத்து நிமிடத்தில் வரும் முதல் எதிர்ப்பை அவர் கேட்காததுபோல விட்டால் 70ஆவது நிமிடத்தில் காட்டும் அட்டை அநியாயமாகத் தெரியும். தனியாக ஒரு சொல், பிறகு கேப்டனை அழைத்து எல்லோரும் பார்க்க ஒரு சொல், பிறகு அட்டை என்ற வரிசையை இரு அணிக்கும் ஒரே மாதிரி வைத்திருக்கும் நடுவரிடம் டீம்கள் சீக்கிரம் அடங்கும். முன்னே கொடுத்த தப்பைச் சரிக்கட்ட எதிர்ப்பக்கம் ஒன்று கொடுப்பவரிடம் அடங்காது.

எண்ணிப் பார்ப்பது

ஆட்டம் ஆடாத ஒருவரிடம் நான்கு கோடு போட்ட தாளைக் கொடுங்கள்: கேப்டன் அல்லாதவர் நடுவரிடம் பேசியது, கை விரித்தது, பெஞ்சிலிருந்து வந்த குரல், விசிலுக்குப் பின் ஐந்து நொடியில் இடத்துக்குத் திரும்பாதது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நான்கு எண்கள். அடுத்த பயிற்சிக்கு வரும்போது ஷூ கட்டும் இடத்தில் ஒட்டிவைத்துவிடுங்கள், பேச வேண்டாம். கை விரிப்பது கடைசியில்தான் குறையும், அதற்காக யாரையும் திட்டாதீர்கள். ஆறு ஆட்டத்துக்குப் பிறகும் முதல் கோட்டின் எண் இறங்கவில்லை என்றால் மூன்றாவது கோட்டைப் பாருங்கள். அநேகமாக அதுவும் இறங்கியிருக்காது. அப்போது பயிற்சி தேவைப்படுவது பெஞ்சுக்கு, அடுத்த வாரம் தப்பு விசில் ஆட்டத்தில் கோச்சையும் ஒரு டீமில் இறக்கிவிடுங்கள்.